அனுப்பி வைத்த பின்னர்

புறநானூற்றின் 279ஆம் பாடலை அறியாத தமிழ் வாசகர் அரியர். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முன்னைய போரில் பிறந்த வீட்டு ஆண்மகனையும், அடுத்து வந்த போரில் கணவனையும் பறிகொடுத்த ஒருத்தி, மீண்டும் போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனை அழைக்கிறாள். வெள்ளாடை உடுத்துகிறாள், தலையில் எண்ணெய் நீவுகிறாள், கையில் வேலைக் கொடுத்துக் களம் நோக்கிச் செல்லச் சொல்கிறாள். அத்துடன் பாட்டு முடிந்துவிடுகிறது. பள்ளிப் பாடநூல் முதல் பட்டிமன்ற மேடை வரை இது வீரத்தாயின் பாட்டாகவே எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. ஆனால் அவளது துணிவைக் கண்டு அஞ்சி நடுங்கும் குரலில்தான் புலவர் பாட்டைத் தொடங்குகிறார் என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அவன் தெருக்கோடியில் திரும்பி மறைந்த பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது? அன்று மாலை அவள் என்ன செய்தாள்? பாட்டு அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளெல்லாம் விடை எழுதிக்கொண்டிருந்த பெற்றோர் உண்டு. முதல் உலகப் போரின் காலம் அவர்களுடையது. நாட்குறிப்பும் கடிதமும் எழுதும் பழக்கம் வேரூன்றிவிட்ட காலம் ஆதலால், மகனைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பிய பெற்றோரின் மனம் எவ்வாறு இயங்கியது என்பதை நாள்வாரியாக நம்மால் இன்று படிக்க முடிகிறது.

அவ்வாறான இரண்டு வீடுகளை இங்கே காண்போம். ஒன்று ஜெர்மனியின் பெர்லின் நகரில், தொழிலாளர் மிகுந்த வடபகுதியில் இருந்தது. மற்றொன்று இங்கிலாந்தின் சசெக்ஸ் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்தது. போரில் இவ்விரு வீடுகளும் எதிரெதிர் அணிகள். அரசியல் கொள்கையிலும் எதிரெதிர் துருவங்கள். ஆயினும் இரண்டிற்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. இரண்டு வீட்டிலும் மகன் சட்டப்படி வயது நிரம்பாதவன். பெற்றோர் ஒப்புக்கொள்ளாமல் அவன் போகவே முடியாது. இரண்டு வீட்டிலும் பெற்றோர் ஒப்புக்கொண்டனர்.

பெர்லின் வீட்டின் தலைவி கேத்தே கோல்விட்ஸ். 1867இல் பிறந்தவர், ஓவியர், பதிப்போவியர், சிற்பி. நெசவாளர் எழுச்சியையும் உழவர் போரையும் வரைந்து புகழ்பெற்றவர். கணவர் கார்ல் ஏழைத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர். சமூக ஜனநாயகக் கட்சியின்பால் பற்றுடையவர். பிள்ளைகள் இருவர்: ஹான்ஸ், பீட்டர். 1903இல் கேத்தே, இறந்த குழந்தையை இறுகத் தழுவிக் கிடக்கும் தாயின் உருவம் ஒன்றைச் செதுக்கோவியமாக வரைந்தார். அதற்கு மாதிரி வேண்டியிருந்தது. ஏழு வயதுப் பீட்டரை மடியில் கிடத்திக்கொண்டு, கண்ணாடியில் தம்மையே பார்த்து வரைந்தார். பதினொரு ஆண்டுகளுக்குப் பின் நேரவிருந்ததை அறியாமல் எடுத்த ஒத்திகைபோல் அது ஆகிவிட்டது.

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது பீட்டர் நண்பர்களுடன் நார்வேயில் விடுமுறையில் இருந்தான். வயது பதினெட்டு. அந்த ஆகஸ்டு மாதத்தில் மட்டும் ஜெர்மனியில் ஏறத்தாழ 1,85,000 பேர் தாமாக முன்வந்து படையில் சேர்க்கப்பட்டனர். ஆகஸ்டு 4ஆம் நாள் சமூக ஜனநாயகக் கட்சியே போர்ச் செலவுக்கு நாடாளுமன்றத்தில் ஆதரவாக வாக்களித்துவிட்டது. நாடு திரும்பிய பீட்டர் தானும் சேர வேண்டும் என்றான். இருபத்தொரு வயது நிரம்பாதவனுக்குத் தந்தையின் ஒப்புதல் வேண்டும். கார்ல் மறுத்தார். உன் வயதினரை நாடு இன்னும் அழைக்கவில்லையே என்பது அவர் வாதம். என் வயதினரை அழைக்கவில்லை, ஆனால் நான் தேவைப்படுகிறேன் என்பது மகனின் பதில்.

அந்த மாலைப் பொழுதைக் கேத்தே ஆகஸ்டு 10ஆம் நாள் குறிப்பில் எழுதியிருக்கிறார். மகன் தந்தையுடன் வாதிட்டுக்கொண்டே தாயின் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். வாய் திறந்து கேட்கவில்லை, கண் கேட்கிறது. கடைசியில் அவர் எழுகிறார். மகன் பின்தொடர்கிறான். கதவருகே இருவரும் தழுவிக்கொள்கின்றனர். பிறகு அவரே கணவரிடம் சென்று மகனுக்காகப் பரிந்து கேட்கிறார். கார்ல் இணங்குகிறார். மகன் தம்மை அந்தத் தியாகத்திற்கு இட்டுச் சென்றான், தாங்கள் இருவரும் சேர்ந்து கார்லை இட்டுச் சென்றோம் என்ற கருத்தில் அவர் அந்நாளைப் பதிவு செய்கிறார். அனுமதி தந்தையுடையது, ஆனால் அதைப் பெற்றுத் தந்தவர் தாய். பின்னாளில் அவரை விடாது துரத்தியது இந்த ஒரு மணி நேரம்தான்.

பயிற்சிக் காலம் பெற்றோருக்கு விந்தையான ஓர் இடைவெளி. பிள்ளை சீருடையில் இருக்கிறான். எனினும் துப்பாக்கிக் குண்டு எட்டாத தொலைவில் இருக்கிறான். பெருமிதமும் அச்சமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒரே நெஞ்சில் குடியிருக்கும் காலம் அது. ஆகஸ்டு இறுதியில் கேத்தே எழுதிய குறிப்பொன்று இதை வெகு நுட்பமாக ஆராய்கிறது. அக்காலத்துப் பெண் எழுத்தாளர் ஒருவர், தியாகம் செய்வதில் உள்ள இன்பத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியிருந்தார். அதைப் படித்த கேத்தேக்கு ஐயம் எழுகிறது. ஒரு சிராய்ப்பும் படாமல் பிள்ளையைக் காத்து வளர்த்த தாய்மாருக்கு, அவனைப் பீரங்கியின் முன் அனுப்பும் வீரம் எங்கிருந்து வருகிறது? இந்த எழுச்சி நிலை இன்னும் சில வாரம் தாங்கும், அதன் பிறகு? பனியும் இருளும் சூழ்ந்த நவம்பரில் தாங்குமா? மீண்டும் வசந்தம் வரும்போது, வாழ விரும்பி மாண்ட இளைஞர் நினைவுக்கு வரும்போது தாங்குமா? மகன் உயிரோடு பயிற்சி முகாமில் இருந்த நாளில் எழுதிய வரிகள் இவை. வரப்போவதை அவர் அறிந்தே இருந்தார்.

பீட்டர் பெற்ற பயிற்சி இரண்டு மாத அளவிலானது. தன்னார்வலரைக் கொண்டு புதிதாக எழுப்பப்பட்ட படைப்பிரிவுகளில் பழைய தளவாடங்களும் ஓய்விலிருந்து அழைக்கப்பட்ட அலுவலர்களுமே மிகுதி. அக்டோபர் நடுவில் அவை பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதிக்கு அனுப்பப்பட்டன. களம் சேர்ந்த சில நாள்களில், அக்டோபர் 22ஆம் நாளை ஒட்டிய இரவில், டிக்ஸ்மியூட் நகருக்கு அருகே பீட்டர் மாண்டான். கேத்தே அஞ்சிய நவம்பர் பிறப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அவனது அறையை அவர் இருந்தது இருந்தபடியே பேணினார். அவ்வாண்டு டிசம்பரில், மகனுக்கு ஒரு நினைவுச் சின்னம் வடிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. மகன் நீட்டிக் கிடப்பான். தலைமாட்டில் தந்தை, கால்மாட்டில் தாய். பல ஆண்டுகள் முயன்றும் அது அமையவில்லை. ஏன் அமையவில்லை என்பதற்கான குறிப்பு 1916 அக்டோபரில் கிடைக்கிறது. போரைப் பைத்தியக்காரத்தனம் என்றே இப்போது கருதுகிறேன், பீட்டர், இது உனக்கு நான் செய்யும் துரோகமா என்று இறந்த மகனிடம் அவர் கேட்கிறார். இங்கேதான் இந்தத் துயரத்தின் முடிச்சு இருக்கிறது. மகன் ஒரு நம்பிக்கைக்காகச் செத்தான். அந்த நம்பிக்கை பொய் என்று சொன்னால் அவன் சாவு வீண் என்றாகும். பொய் அல்ல என்று சொன்னால் இன்னும் ஆயிரம் பீட்டர்களை அனுப்ப வேண்டியிருக்கும்.

இந்த முடிச்சு அவிழ இன்னும் இரண்டாண்டு பிடித்தது. 1918 அக்டோபரில், தோல்வி உறுதியாகிவிட்ட நிலையிலும், ரிஷார்ட் டேமல் என்ற கவிஞர் மேலும் தன்னார்வலர் முன்வர வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். கேத்தே அதற்கு வெளிப்படையாக மறுப்பு எழுதினார். செத்தவர் போதும், இனி ஒருவனும் விழக் கூடாது என்பது சாரம். விதை நெல்லை அரைத்து உண்ணலாகாது என்னும் பொருள்பட கதே கூறியதை அவர் துணைக்கு அழைத்தார். பஞ்சத்திலும் விதை நெல்லைத் தொடாத குடும்பங்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த உவமையின் வலு விளக்காமலே புரியும். 1923இல் வெளிவந்த போர் குறித்த மரச்செதுக்கோவிய வரிசையில், பறை அடித்துச் செல்லும் சாவின் தோளோடு தோள் சேர்ந்து இளைஞர் செல்லும் படம் ஒன்று உண்டு. சாவுக்கு அடுத்து நிற்பவன் பீட்டர்.

இனி இங்கிலாந்துக்குச் செல்வோம். சசெக்ஸில் பர்வாஷ் என்ற ஊரில் வாழ்ந்தவர் ருட்யார்ட் கிப்ளிங். 1865இல் பம்பாயில் பிறந்தவர். இலக்கியத்துக்கான நோபல் பரிசை 1907இல் பெற்றவர். பேரரசின் குரல் என்று போற்றவும் தூற்றவும் பட்டவர். மூத்த மகள் ஜோசஃபின் 1899இல் காய்ச்சலில் இறந்தாள். எஞ்சியவர் எல்சி என்ற மகளும் ஜான் என்ற ஒரே மகனும். 1897 ஆகஸ்டு 17இல் பிறந்த ஜானுக்குக் கண்பார்வை மிகவும் குறைவு. அதனாலேயே கடற்படைக் கனவு கலைந்தது. போர் மூண்டதும் தரைப்படைக்கு முயன்றான். பார்வையின் பொருட்டு அங்கும் மறுக்கப்பட்டான்.

மகன் மறுக்கப்பட்டபோது ஆறுதல் பெருமூச்சு விடுவது பெற்றோர் இயல்பு. கிப்ளிங் அவ்வாறு செய்யவில்லை. இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்தவரும் தம் நெடுநாள் நண்பருமான ராபர்ட்ஸ் பிரபுவை அணுகினார். ராபர்ட்ஸ் ஐரிஷ் காவற்படையின் கௌரவத் தலைவர். அவரது பரிந்துரையால் ஜானுக்கு அப்படையில் அலுவலர் பதவி கிடைத்தது. ராபர்ட்ஸின் மகனும் 1899 டிசம்பரில் தென்னாப்பிரிக்கப் போரில் கொலென்சோ களத்தில் காயமுற்று மாண்டவன். மகனை இழந்த தந்தை ஒருவர், மகனை இழக்கப்போகும் தந்தைக்குச் செய்த உதவி அது. அதே 1914 நவம்பரில், பிரான்ஸில் இந்தியத் துருப்புகளைப் பார்வையிடச் சென்ற இடத்தில் ராபர்ட்ஸும் காலமானார்.

ஜான் எசெக்ஸ் வட்டாரத்தில் வார்லி படைமுகாமில் பயிற்சி பெற்றான். பீட்டருக்கு இரண்டு மாதம் என்றால் ஜானுக்கு ஏறத்தாழ ஓராண்டு. வீட்டுக்கு வருவதும் போவதுமாகக் கழிந்த ஆண்டு. தந்தையும் மகனும் எழுதிக்கொண்ட கடிதங்கள் அச்சில் வந்துள்ளன. அவற்றில் அழுகையைக் காண முடியாது. கேலி, அறிவுரை, தேவைப் பொருள்களின் பட்டியல், இவையே மிகுதி. மகன் பிரான்ஸ் சென்ற பின்பு தந்தை எழுதிய கடிதம் ஒன்றில், எறிகுண்டு விழாமல் தடுக்கப் பதுங்குகுழிக்கு மேலே முயல் வேலிக்கான கம்பி வலையைக் கட்டுவது நல்லது என்ற யோசனை வருகிறது. உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் தம் அச்சத்தைக் கம்பி வலைக்குள் மறைத்து அனுப்பியிருக்கிறார் என்றே இதை நாம் வாசிக்க வேண்டும். ஆண்கள் பலருக்கும் அன்பைப் பொருளாகவே சொல்லத் தெரிகிறது.

தாய் கேரியின் மனநிலையை அவர் தம் தாய்க்கு எழுதிய கடிதம் காட்டுகிறது. நண்பர்களின் பிள்ளைகளும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் உயிரைக் கொடுத்து நம்மையும் நம் பிள்ளையையும் காக்கட்டும் என்று நாம் ஒதுங்கி நிற்க முடியாது என்பது அவரது நியாயம். இதில் வீரப் பேச்சு இல்லை. ஊரார் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற நேர்மை இருக்கிறது. அவனுக்கு ஆபத்து மிகுதி என்பதை அவர் உணராமலும் இல்லை.

1915 ஆகஸ்டு நடுவில் படை பிரான்ஸுக்குப் புறப்பட்டது. வயது நிரம்பாதவனைக் கடல் கடந்து அனுப்பத் தேவையான ஒப்புதலைக் கிப்ளிங் வழங்கியிருந்தார். விடைபெற்ற நாளில் அவர் வீட்டில் இல்லை. செய்தியாளராகப் பிரெஞ்சுப் போர்முனையைப் பார்க்கச் சென்றுவிட்டார். கேரி ஒருவரே வழியனுப்பினார். மிடுக்காகவும் மிக இளையவனாகவும் தோன்றினான் என்பதையும், மாடிப்படியின் உச்சியில் திரும்பி நின்று தந்தைக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னான் என்பதையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதுவே அவர் மகனைக் கடைசியாகக் கண்டது. அடுத்த நாள்களில் ஜானுக்குப் பதினெட்டு வயது நிறைந்தது.

களத்திலிருந்து ஜான் எழுதிய கடிதம் ஒன்றில், தன் அடையாள வில்லையைத் தொலைத்துவிட்டதாகவும் புதிதாக ஒன்று வாங்கி அனுப்புமாறும் கேட்டிருந்தான். இறந்தால் இன்னார் என்று தெரிவதற்காகப் படைவீரர் அணியும் வில்லை அது. செப்டம்பர் 25இல் லூஸ் போர் தொடங்கியது. 27இல் ஐரிஷ் காவற்படை தாக்குதலில் இறங்கியது. ஜான் திரும்பவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் வந்த தந்தி, காயமுற்றுக் காணாமற்போனான் என்று மட்டுமே சொன்னது.

காணவில்லை என்ற சொல்லின் கொடுமை தனி வகையானது. அழவும் விடாது, நம்பவும் விடாது. கிப்ளிங்கும் கேரியும் மருத்துவமனைகளில் கிடந்த ஐரிஷ் காவற்படை வீரர்களைத் தேடிச் சென்று விசாரித்தனர். இந்தக் காலத்தில்தான், பிரான்ஸில் போரிட்ட இந்தியச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களின் தணிக்கைப் பிரதிகள் கிப்ளிங்கிடம் தரப்பட்டன. அவற்றைத் தழுவி அவர் எழுதியவை 1918இல் ‘ஆசியாவின் கண்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் நூலாயின. தன் மகனின் கடிதம் நின்றுபோன வீட்டில் அமர்ந்து, பஞ்சாபிலும் பிற பகுதிகளிலும் இருந்த யாரோ பெற்றோருக்குப் பிள்ளைகள் எழுதிய கடிதங்களை அவர் படித்துக்கொண்டிருந்தார். பேரரசின் பெருமைக்காக எழுதப்பட்ட நூல்தான். ஆயினும் அந்தக் காட்சி நம்மை உறுத்துகிறது.

கிப்ளிங் தம் குற்ற உணர்வை வெளிப்படையாக எங்கும் பேசவில்லை. போர் நியாயமானது என்ற நிலையிலிருந்தும் மாறவில்லை. 1919இல் அவர் வெளியிட்ட கல்லறைக் குறுங்கவிதைகளில் தந்தையரைக் குற்றம் சாட்டும் ஈரடி ஒன்று உண்டு. அது தம்மையே நோக்கிச் சொன்னதா, போருக்கு நாட்டைத் தயார்செய்யத் தவறிய அரசியலாரைச் சொன்னதா என்று ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர். பேச்சுக்குப் பதில் அவர் உழைத்தார். மகனின் படைப்பிரிவு வரலாற்றை எழுதும் பணியை ஏற்று, ஐந்தாண்டுக்கு மேல் நாட்குறிப்புகளையும் உயிர்தப்பியவர் வாய்மொழியையும் தொகுத்து, 1923இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அதில் ஜானின் பெயர், அந்த நாளில் வீழ்ந்த பிற அலுவலர் பெயர்களிடையே ஒரு பெயராக மட்டும் வந்து போகிறது. வயிற்றுவலி அவரை 1915 முதல் வாட்டியது. குடற்புண் என்று 1933இல்தான் கண்டறிந்தனர். 1936இல் அதுவே உயிரைப் பறித்தது.

1917இல் அவர் பேரரசுப் போர்க்கல்லறை ஆணையத்தில் உறுப்பினரானார். பெயர் தெரியாத வீரனின் கல்லில் பொறிக்க, இறைவன் அறிவான் என்னும் பொருள்படும் சொற்றொடரை அமைத்துக் கொடுத்தவர் அவரே. ஹெய்ன் ஊருக்கு அருகேயுள்ள கல்லறைத் தோட்டத்தில் அதே சொற்றொடர் பொறித்த கல் ஒன்றின் கீழ் கிடந்த ஐரிஷ் காவற்படை அலுவலர் ஜான்தான் என்று ஆணையம் 1992இல் அறிவித்தது. சிலர் ஐயுற்றனர், பிந்தைய ஆய்வுகள் ஆணையத்தின் முடிவுக்கே வலுச் சேர்த்தன. தந்தை மகனுக்கென்று அறியாமலே மகனின் கல்வெட்டை எழுதியிருந்தார்.

இரண்டு வீடுகளையும் ஒப்பிட்டு, கேத்தே திருந்தினார், கிப்ளிங் திருந்தவில்லை என்று தீர்ப்பு எழுதுவது எளிது. அது முழு உண்மை ஆகாது. கொள்கையில் ஒருவர் மாறினார், மற்றவர் மாறவில்லை. ஆனால் ஒப்புதல் கொடுத்தவர் தாமே என்ற ஒன்றை இருவரும் கடைசி வரை சுமந்தனர். கட்டாய ஆள்சேர்ப்பில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் அரசைச் சபிக்கலாம். இவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. ஒருவர் உளியை எடுத்தார். மற்றவர் பேனாவை எடுத்தார். ஆற்றிக்கொள்வது என்பது மறப்பது அன்று என்பதை இருவர் வாழ்வும் காட்டுகின்றன.

பெற்றோர் ஒப்புதல் என்பது பழங்கதை ஆகிவிடவில்லை. ஆயுதப் போரில் சிறார் ஈடுபடுத்தப்படுவது குறித்து 2000இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற விருப்ப ஒப்பந்தம், பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர் தாமாகப் படையில் சேர்வதாயின் பெற்றோர் விவரம் அறிந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறது. பிரிட்டன் 16 வயதினரையும் ஜெர்மனி 17 வயதினரையும் அவ்வாறே சேர்த்துக்கொள்கின்றன. அந்தத் தாளின் முன் இன்றும் தாய் தந்தையர் அமர்கின்றனர். மறுத்தால் பிள்ளையின் கண்ணில் சிறுமை; ஒப்பினால் தம் கண்ணில் உறக்கமின்மை. இரண்டில் ஒன்றை அன்பின் பெயரால்தான் தேர்கின்றனர்.

கேத்தே எண்ணிய நினைவுச் சின்னம் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1932இல், பெல்ஜியத்தில் மகன் கிடந்த கல்லறைத் தோட்டத்தில் நிறுவப்பட்டது. நடுவில் மகன் கிடக்கும் உருவத்தை அவர் விட்டுவிட்டார். மண்டியிட்ட இருவர் மட்டுமே இருக்கின்றனர். தந்தைக்குக் கார்லின் முகம், தாய்க்குக் கேத்தேயின் முகம். தந்தை நிமிர்ந்து, இரு கைகளாலும் தம்மையே இறுகப் பற்றியிருக்கிறார். தாய் தலை கவிழ்ந்து குனிந்திருக்கிறார். ஒருவரையொருவர் தொடவில்லை. 1942இல், பீட்டர் என்றே பெயரிடப்பட்ட பேரன் ரஷ்யப் போர்முனையில் மாண்டான். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், சிறுவர் மூவரைத் தன் மேலாடைக்குள் அடக்கிக் காக்கும் தாயொருத்தியைக் கேத்தே வரைந்து முடித்திருந்தார். விதை நெல்லைப் பற்றிய அந்தத் தொடரே படத்தின் தலைப்பு. 1945 ஏப்ரலில், போர் முடியச் சில நாள்கள் இருக்கையில், அவர் மறைந்தார்.

பின்னாளில் அந்தக் கல்லறைகள் விளாட்ஸ்லோ என்ற இடத்துக்கு மாற்றப்பட்டபோது சிலைகளும் உடன் சென்றன. அங்கே 25,644 பேர் அடக்கமாகியுள்ளனர். ஒவ்வொரு கல்லிலும் இருபது பெயர். தந்தை உருவத்தின் பார்வை விழும் இடத்தில், தரையோடு பதித்த ஒரு கல்லில், மற்றப் பத்தொன்பது பெயர்களுடன் பீட்டரின் பெயரும் இருக்கிறது. மாசாத்தியாரின் பாட்டு முடிந்த இடத்திலிருந்து அந்தத் தந்தையும் தாயும் அங்கே மண்டியிட்டிருக்கின்றனர்.